கவா குடிக்காதவனின் தள்ளாட்டம்

அன்பு மகள் உனைசிக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் பேரனும் அந்தப் பிரிஸ்பேன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டவர் காக்கட்டும். இங்கே அம்மா சுகம், கோழிகள் சுகம், மரவள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. நானும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம், ஆனால் மனசு வரவில்லை. நீ போனில் சொன்னதை அம்மா என்னிடம் மறைக்கத்தான் பார்த்தாள், அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள், மூன்றாம் நாள் கொட்டிவிட்டாள். அப்பா கவாவை நிறுத்தினால் வரட்டும், இல்லையென்றால் டிக்கெட் வாங்க வேண்டாம், தள்ளாடுகிற ஆள் கையில் என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்றாயாம். போனை எடுத்தால் நீயும் அம்மாவும் மாறி மாறி அழுவீர்கள், நான் பேச இடம் கிடைக்காது, அதனால்தான் எழுதுகிறேன், நடுவில் குறுக்கிடாமல் படி.

உனைசி, நம் சபையில் கவா கிடையாது, சாராயம் கிடையாது, டீகூடக் கிடையாது என்று உனக்குத் தெரியும். வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கும் அந்தச் சேற்றுத் தண்ணீரின் வாசனை காற்றில் வந்தாலே எனக்குக் குமட்டும், அதுவும் உனக்குத் தெரியும். பிறகு எப்படி நம்பினாய்? சரி, நடந்ததைச் சொல்கிறேன். மழை விட்ட மாசத்தில் ஒரு காலை படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன், கூரை கிளம்பிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கண்ணை மூடினால் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, நின்றுவிடும், ஆனால் வயிறு நிற்காது. அம்மா துவைத்துப் போட்ட விரிப்பிலேயே வாந்தி எடுத்தேன். இந்த வயதில் தன் வாந்தியில் தானே கிடப்பதைப் போல அசிங்கம் வேறு இல்லை. கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தால் வரும், கீழே விழுந்த தேங்காயைக் குனிந்து எடுத்தால் வரும், நேராக நடந்தால் ஒன்றும் இருக்காது. என்ன வியாதி இது, ஆளைக் கேலி பண்ணவே வந்தது போல.

சபையில் விழுந்ததைத்தான் ஊரே உனக்குச் சொல்லியிருக்கும், எப்படி விழுந்தேன் என்று ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மண்டியிட்டு, நெற்றி பெஞ்சில் படக் குனிந்து ஜெபம் பண்ணினேன், ஆமென் சொல்லித் தலையை நிமிர்த்தினேன், அவ்வளவுதான், கோயில் முழுக்கச் சுழன்றது. பெஞ்சைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தேன். இடது மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது, வயிற்றில் இருந்ததெல்லாம் மூப்பர் இனோசியின் பாலீஷ் போட்ட செருப்பின்மேல் போனது. அவர் என்னைத் தூக்கவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். காலையில் தின்ற பப்பாளியைத் தவிர அதில் எதுவும் இல்லை, அது கண்ணுக்கே தெரிந்தது, ஆனாலும் மோந்தார். அடுத்த சனிக்கிழமை ஆராதனையிலும் அதே ஜெபம், அதே ஆமென், அதே விழுதல். வீட்டில் நிற்கிறான், தோட்டத்தில் நிற்கிறான், கோயிலுக்கு வந்தால் மட்டும் விழுகிறான், வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கேயோ போய் ஊற்றிக்கொண்டு வருகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பிறகு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள், நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டு. இரண்டு பேர் என்னோடு சங்கீதம் வாசித்தார்கள், இனோசி மட்டும் தண்ணீர் குடிக்கிறேன் என்று அடுப்படிப் பக்கம் போனார். அங்கே ஒரு பேசினில் கலங்கல் தண்ணீர் இருந்தது. அந்த மனுஷன் அதில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார், உனைசி! நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து, என்னய்யா இது மண்ணு மாதிரி இருக்கு என்றார். மண்ணுதான், தோட்டத்துல இருந்து வந்து நான் கால் கழுவின தண்ணி அது என்றேன். சங்கீதம் வாசித்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் போகும்போது, நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க அண்ணே, சனிக்கிழமைப் பாடத்தை வேற யாராவது நடத்தட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கவாவே தொடாத மனுஷனுக்கு அதன் ருசி எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வைத்தியம் பார்க்காமல் இருந்தேன் என்று நினைக்காதே. அம்மாவின் சித்தி லோசேனா ஏதோ இலையைக் கசக்கிப் பிழிந்து கொண்டுவந்தாள், பச்சையாக, மூக்குச்சளி போல நூல் நூலாக இழுத்தது, நனைந்த ஆட்டின் நாற்றம். நான் மூக்கைப் பிடித்துக் குடித்தேன், அது உள்ளே இருக்க மாட்டேன் என்று வெளியே வந்தது. இன்னொருத்தி காதில் சூடான தேங்காயெண்ணெய் ஊற்றினாள், இரண்டு நாள் தலையணையெல்லாம் பிசுபிசுத்து எறும்பு வந்தது. கண்ணாடி போடச் சொன்னார்கள், வாயு என்றார்கள், போன வருஷம் வெட்டிய மரத்தில் ஏதோ இருந்தது, அது பின்னாலேயே வந்துவிட்டது என்றார்கள். மருந்தகத்து நர்ஸ் பெண்ணிடம் போனேன், எங்க, வாயை ஊதுங்க என்றாள். என் வயசென்ன, அவள் வயசென்ன. ஊதினேன். பிரஷர் மாத்திரை கொடுத்தாள், அதைப் போட்டால் கால் துவண்டு இன்னும் மோசமாகத் தள்ளாடினேன், பார்த்தவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மனுஷர்கள்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது எனக்கு, இந்த உடம்பின்மேலும் சேர்த்து.

கடைசியில் வந்தவன் யார் தெரியுமா, ஓடைக்கு அந்தப் பக்கத்து, கவாவுக்குத் தடையில்லாத மெதடிஸ்ட் சபைக்காரன், என் மாமன் மகன் கிதியோனி. மச்சான் முறை, என்னைக் கேலி பண்ணாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மச்சான், இத்தனை வருஷம் என் கவாக் கிண்ணத்தைக் கண்டா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினியே, இப்ப எவன் வீட்டுல ஒளிஞ்சு குடிக்கிறே, எங்க வீட்டுக் கவா மட்டும் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். பக்கத்தில் வந்ததும் சிரிப்பு நின்றது. அடேய், கை ஏன்டா வீங்கியிருக்கு, விழுந்ததுல அடிபட்டுச்சா, காட்டு என்றான். உனைசி, அதுவரை அம்மாவைத் தவிர ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. கவா நாறும் அந்த வாய்தான் கேட்டது. அப்புறம் சொன்னான், கவா குடிச்சவன் சுத்த மாட்டான்டா, வாய் மரத்து, மூலையில உக்காந்து தூங்குவான், இந்த விஷயத்துல என்கிட்ட எவனும் பேச முடியாது, உனக்கு இது வேற என்னவோ, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு என்றான்.

பஸ் பயணத்தைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. மலை வளைவில் டிரைவர் திருப்பத் திருப்ப என் தலை வேறு திசையில் திரும்பியது. கையில் கிடைத்த பையில் வாந்தி எடுத்தேன். அதில் இருந்தது கிதியோனி பட்டணத்துச் சொந்தக்காரருக்கு மரியாதையாகக் கொண்டுபோன கவாப் பொடி. அவன் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பரவாயில்ல மச்சான், ஒருவழியா ரெண்டு பேரும் சேர்ந்தீங்களே, நீயும் கவாவும் என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்ததில் இன்னொரு தடவை வந்தது.

ஆஸ்பத்திரியில் ரேஷ்மா என்று ஒரு டாக்டர் பெண், உன்னைவிடச் சின்னவள். எப்போது சுற்றுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால், எவ்வளவு நேரம் என்று கேட்டாள். குடிப்பீர்களா என்று கேட்கவே இல்லை. கட்டிலில் உட்காரவைத்து, சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க, வலப்பக்கம் திருப்பி, கண்ணை மூடாதீங்க தாத்தா, என் மூக்கையே பாருங்க என்றாள். அவள் மூக்கு எங்கே நின்றது பார்ப்பதற்கு! நான் தட்டில் வாந்தி எடுக்கிறேன், அவள் என் கண் துடிப்பதைப் பார்த்து, இதுதான், இதேதான் என்று சந்தோஷப்படுகிறாள். காதுக்குள்ளே பொடி மாதிரி நுண்ணிய சுண்ணாம்புத் துகள் இருக்குமாம், வயதானால் அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு உருண்டு குழாய்க்குள் போய்விடுமாம், தலையை நிமிர்த்தினால் குனிந்தால் அது ஓடும், நமக்கு உலகமே ஓடும். படுக்கையில், தேங்காய் பொறுக்கையில், ஆமென் சொல்கையில், எல்லாம் அதுதான். பிறகு என் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள், பக்கவாட்டில் உருட்டினாள், நிறுத்தினாள், எழுப்பி உட்காரவைத்தாள். மருந்து இல்லை, ஊசி இல்லை. மறுபடி படுக்கவைத்துப் பார்த்தாள், கூரை நின்ற இடத்தில் நின்றது. வெளியே வந்து சொன்னதும், காதுக்குள்ள கல்லா, நான் உனக்கு மண்டை முழுக்கவே கல்லுன்னுல்ல நினைச்சேன் என்றான் கிதியோனி. மணிக்கட்டில் லேசான விரிசல், கட்டுப் போட்டிருக்கிறது.

போன சனிக்கிழமை கோயிலில் குனிந்து ஜெபித்து நிமிர்ந்தேன், விழவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் காட்டினேன். இனோசி எழுந்து, நம் சகோதரனை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த தேவனுக்கு நன்றி என்று கண்ணீரோடு ஜெபம் பண்ணினார், எல்லோரும் ஆமென் என்றார்கள். சீ என்று ஆகிவிட்டது. அவர்கள் நான் குடித்து நிறுத்தினேன் என்றே செத்தாலும் நம்பிக்கொண்டிருக்கட்டும், எனக்கு அக்கறை இல்லை. நீ நம்பியதுதான் இன்னும் ஆறவில்லை. அப்பா விழுந்தார் என்று கேள்விப்பட்டதும் அடிபட்டதா என்று கேட்டிருக்கலாம் நீ. கோபமாகத்தான் எழுதுகிறேன், கோபம் போனதும் இதை எழுத முடியாது.

ஆனால் ஒன்றில் நீ சொன்னது சரி. இது திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள், வந்தால் செய்துகொள்ள அந்தத் தலை திருப்பும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தாள், நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். தள்ளாடுகிற ஆள் கையில் பிள்ளையைக் கொடுக்காதே. என் கையிலும் கொடுக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும், பால் கொடுக்கிறவள் வேளைக்குச் சாப்பிடு, பிள்ளைக்குக் காதில் எண்ணெய் எதுவும் ஊற்றாதே. நான் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். நான் வருகிற அன்று நாற்காலி சோபா எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரித்து வை. பேரனுக்கும் இன்னும் தலை நிற்கவில்லை, என் தலைமேல் எனக்கும் நம்பிக்கை இல்லை. நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொள்கிறேன், நீயே கொண்டுவந்து மடியில் வை. தரைக்குக் கீழே விழ இடமில்லை.

உன் அப்பா
எபேலி