வண்ணம் குறைவு

ஆடி 4, சனி

விடிந்ததிலிருந்து பேய்க் காற்று. கொடியில் போட்ட நீலச் சேலை பறந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்து வேலியில். முள்ளில் கிழிசல். தைக்க வேண்டும்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. அவருக்கு மண்டியில் கடலைக்காய் லோடு ஏற்றுகிற நாள், அதனால் தனியாகத்தான் போனேன். அத்தைக்கு நான் எலப்புள்ளியை விட்டு வெளியே போவதே பிடிக்கவில்லை. பஸ் வரும்வரை கூடவே நின்று காதோடு சொன்னாள்: "யாரு கேட்டாலும் இல்லைன்னே சொல்லோணும். ஏழு முடியற வரைக்கும் மூச்சு விடப்படாது. மாமியா சொல்றது காதுல ஏறுதா?"

ஏறுகிறது. முதல் இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொன்னோம். பொள்ளாச்சியிலிருந்து அம்மா கூடை கூடையாகப் பலகாரம் கொண்டுவந்தாள். இரண்டும் நாலாம் மாதத்திலேயே போயிற்று. இப்போது ஐந்து பிறந்திருக்கிறது. இங்கேகூட அந்த வார்த்தையை எழுதப் பயம். 'அது' என்று மட்டும் எழுதுகிறேன்.

என் உடம்புதான் அத்தைக்குத் தைரியம். "உன்ற ஒடம்புக்கு ஒம்பதாம் மாசம்கூட வெளிய தெரியாது போ" என்கிறாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நான் குண்டு. யாரோடு சண்டை போட்டாலும் கடைசியில் குண்டு என்பதில்தான் வந்து முடியும்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், முன்பின் தெரியாதவள், மேலும் கீழும் பார்த்துவிட்டு: "ஏனம்மிணி, மாசமா இருக்கறீங்களா, இல்ல ஒடம்பே இப்படிங்களா?"

"ஒடம்பே இப்படித்தானுங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முந்தியெல்லாம் இப்படிக் கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. "உங்கூட்டுச் சோத்தையா திங்கறேன்?" என்று கேட்டு ஒருத்தியை அழவைத்தே இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற டாக்டரம்மா இல்லை. கேரளம் தனியாகப் பிரிந்த பிறகு கோயமுத்தூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போய்விட்டாராம். புது நர்சம்மா, மலையாளம் மட்டும். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். நாடாவால் அளந்தாள். "அனக்கம் உண்டோ?" அசைவைத்தான் கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகம் சுருங்கிற்று. "வண்ணம் கொறவாணல்லோ. ரெண்டாழ்ச்ச கழிஞ்ஞு வரணும், கேட்டோ."

இரண்டு வாரம் கழித்து வர வேண்டுமாம். வண்ணம் குறைவாம். கறுப்பாகப் பிறந்தால் இவளுக்கென்ன?

ஆடி 5, ஞாயிறு

அத்தைக்கு நர்ஸ் மேல் ஒரே கோபம். "நெறம் கொறைச்சலா? பொறக்கறதுக்கு முன்னயே அவளுக்கு எப்படித் தெரியுமாம்? உள்ள எட்டிப் பாத்தாளா?" திட்டி முடித்துவிட்டு, யாரையோ பிடித்துக் குங்குமப்பூ வாங்கி வரச் சொன்னாள். பாலில் போட்டுக் குடித்தேன். மருந்து வாசனை.

பல நாளைக்குப் பிறகு இன்று கொஞ்சம் சந்தோஷம். கறுப்போ சிவப்போ, நிறம் இருக்கிறதென்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

ஆடி 7, செவ்வாய்

குங்குமப்பூ எதற்கென்று அவர் கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அட சரசு! நாலு வருஷமா இங்க குடியிருந்து இது தெரியலயா? மலையாளத்துல வண்ணம்னா நெறமில்ல, பருமன்."

நானும் சிரித்தேன். என்னைப் பார்த்துப் பருமன் போதாது என்று சொல்ல உலகத்தில் ஒருத்தி பிறந்திருக்கிறாளே! அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டாமா?

அவர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். பிறகு எனக்கும் உறைத்தது. அவள் என்னைச் சொல்லவில்லை. வயிற்றை அளந்துவிட்டுச் சொன்னாள். அது வளரவில்லை.

"தப்பா அளந்திருப்பா. நாடா பழசா இருக்கும்" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று பேச்சு.

ஆடி 9, வியாழன்

சந்தை. தக்காளி சொத்தை. புளி நல்லதாகக் கிடைத்தது. பச்சை மிளகாய் மறந்துவிட்டேன்.

இன்று கேட்டவை, வாங்கிக்கொண்டு வந்த வரிசைப்படி:

சைக்கிள் கடைப் பையன்கள் — "லோடு லாரி வருது, ஒதுங்குங்கடா."

வெற்றிலைக்காரர் — "இந்தக் காத்துக்கு நீங்க பயப்பட வேண்டியதில்லீங்க." பெரிய மனுஷர் மாதிரி மீசை வேறு.

பூக்காரி — "கொழந்த இல்லீங்களா? கொழுப்பு அடைச்சிருந்தா கரு நிக்காதும்பாங்க. ஒடம்பக் கொறைங்கம்மிணி, தானா நிக்கும்."

எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். சிரிப்பு. பூக்காரிக்கு மட்டும் "ஆகட்டுங்க" என்று ஒரு வார்த்தை. மூஞ்சியில் பூக்கூடையைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை, பூ வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கியதை வைத்துக்கொள்ள மனசில்லை, சாமி படத்துக்குப் போட்டுவிட்டேன்.

ஊரே என்னைக் குண்டு என்கிறது. உடம்பெல்லாம் இருக்கிற சதை, இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை என்கிறாள் நர்ஸ். சதை கொடுக்க முடியுமென்றால் அள்ளி அள்ளிக் கொடுப்பேனே!

ஆடி 12, ஞாயிறு

அரிசியில் வண்டு. வெயிலே இல்லை, எங்கே உலர்த்துவது?

இடுப்பு வலி. போன தடவையும் இப்படித்தான் தொடங்கிற்று. புழக்கடைக்குப் போகும்போதெல்லாம் சேலையைப் பார்க்கிறேன். கறை இல்லை. நடக்கப் பயம், உட்காரப் பயம், தும்மல் வந்தால் பயம்.

அவரைப் பார்க்க ஒரு வியாபாரி வந்திருந்தார். புது ஆள். நான் காப்பி கொண்டு வைத்ததும், "ஊட்டுல நல்ல கவனிப்புப் போல, ஏதாச்சும் விசேசமுங்களா?" என்று இளித்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான்தான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, இது சோத்து ஒடம்பு."

ஒண்ணுமில்லை. எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் இதை! அடுப்படியில் நின்றபோது திடீரென்று தோன்றியது: அதற்குக் காது முளைத்திருந்தால்? பெற்றவளே நாளெல்லாம் இல்லை, இல்லை என்கிறாள். வேண்டாதவள் வீட்டில் நமக்கென்ன வேலை என்று அதுவும் நினைத்துவிட்டால்? கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து, "நான் சும்மா சொன்னேன் கண்ணு, நம்பாதே" என்றேன். பைத்தியக்காரிதான். இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆடி 15, புதன்

இன்னும் அசைவில்லை. நீலச் சேலை தைத்தாயிற்று, தையல் கோணல்.

ஆடி 18, சனி

கண் இன்னும் எரிகிறது. எழுத்து இப்படித்தான் வரும்.

பதினெட்டாம் பெருக்கு. பாலக்காட்டு பஸ்ஸில் நிற்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் குடையோடு ஒரு ஆள், வெள்ளை வேட்டி, படித்தவர் போலத்தான் இருந்தார். உரக்கச் சொன்னார்: "கண்டக்டரே, இந்தம்மாளுக்கு ரெண்டு டிக்கெட்டாக் கிழிங்க. ரெண்டாள் எடத்த அடைச்சிட்டு நிக்குது."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும்.

சிரித்துவிட்டுப் பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். அதற்குள் டிரைவர் பிரேக் போட்டார். முன்னால் போய் இரும்புக் கம்பியில் மோத இருந்தேன். கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது. அப்புறம் என் வாயை என்னாலேயே பிடிக்க முடியவில்லை.

"ஆமாங்க. ரெண்டு பேருதான். ரெண்டாவே கிழிக்கச் சொல்லுங்க."

குடைக்காரர் குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அட ஏஞ்சாமி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வந்து உக்காருங்க." உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. சொல்லிவிட்டேனே! அத்தனை கண்ணும் என் வயிற்றில். போச்சு, என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று வழியெல்லாம் அழுகை.

அதே நர்ஸ். அளந்தாள். இன்னொரு நர்சைக் கூப்பிட்டு அவளும் அளந்தாள். இருவரும் ஏதோ முணுமுணுத்தார்கள். "கொறச்சு தெவசம் கூடி நோக்காம்." இன்னும் சில நாள் பார்க்கலாமாம். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

நான் வந்து சேரும் முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. நம் ஊர் ஆள் யாரோ பஸ்ஸில் இருந்திருக்கிறார்கள். அத்தை வாசலிலேயே நின்றாள். "பஸ்ஸு பூராக் கேக்கச் சொன்னயாமே?"

"ஆமாங்கத்தே."

அடிப்பாள் என்றே நினைத்தேன். திட்டக்கூட இல்லை, உள்ளே போனாள். உப்பும் வரமிளகாயும் எடுத்து வந்தாள். கிழக்கே பார்த்து உட்கார வைத்துச் சுற்றினாள். அடுப்பில் போட்டாள்.

கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியே வராது என்பார்கள். இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி நின்றோம். உப்பு வெடித்தது. மிளகாய் கறுத்தது. நெடி இல்லை. அத்தை என் கையைப் பிடித்தாள். நல்ல இறுக்கம், வளையல் அழுந்தியது. அப்போதும் நெடி இல்லை. "மாரியாத்தா" என்றாள், மெதுவாக.

அப்புறம் வந்தது பார், நெடி! முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு. கண்ணெல்லாம் எரிச்சல், மூக்கெல்லாம் தண்ணீர். "வந்துருச்சு! வந்துருச்சு சரசு! ஒரு கண்ணும் படல!" என்று இருமிக்கொண்டே கத்தினாள். நானும் இருமினேன், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

இருமல் நின்றது. வயிற்றுக்குள் ஓர் அசைவு மட்டும் நிற்கவில்லை.