சத்தமில்லாமல் அணைந்த ஆறு விளக்குகள்

மார்ச் 4, செவ்வாய்

தம்பி இன்று தானாகவே மூன்று வாய் தண்ணீர் குடித்தான். நாலாவது வாயில் இருமல் வந்துவிட்டது. கண் கட்டு இன்னும் பத்து நாளாவது இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நுரையீரலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.

கிடங்கிலிருந்து கடிதம். பதின்மூன்றாம் தேதி விசாரணை. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். அன்று ஷிப்டில் இருந்த எல்லோரும் வாக்குமூலம் தர வேண்டும். நானும்.

என்ன இருக்கிறது சொல்ல? குளிர் கிடங்கில் அமோனியாக் குழாய் கசிந்தது. தம்பி நடைவழியில் சரக்கு வண்டியோடு நின்றிருந்தான். பேனல் அறையில் உட்கார்ந்திருந்த பேனல்காரி, நாங்கள் கறார் என்று கூப்பிடுகிறவள், பொத்தானை அமுக்கி ஷட்டரை இறக்கிவிட்டாள். அவன் உள்ளே மாட்டிக்கொண்டான். நாலு நிமிஷம் கண் தெரியாமல் சுவரைத் தடவி, பின்பக்கக் கதவைக் கண்டுபிடித்து வெளியே வந்து விழுந்தான். இதுதான் நடந்தது. வேறென்ன?

மார்ச் 5, புதன்

"அவங்க வேணும்னே பண்ணியிருப்பாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"பின்னே?" என்றேன். தேவைக்கு மேல் கத்திவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

"அண்ணா, நம்ம படத்தைப் போடேன்" என்றான் தம்பி.

"கண்ணைக் கட்டிக்கிட்டு என்னத்தடா பார்ப்ப?"

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் மனப்பாடம். காதுல விழுந்தா போதும்."

நம்ம படம் என்றால் அந்த விண்கலப் படம். சிதைந்துபோன நிலையத்துக்குப் போய் ஆட்களை மீட்டு வரும் கதை. அது வந்தபோது எனக்கு இருபது, அவனுக்குப் பதினேழு. தியேட்டரில் மட்டும் ஏழு தடவை பார்த்தோம். கேப்டன் நடப்பது போலவே ஒரு மாதம் நடந்து திரிந்தான், தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. கதவுக்காரி வந்தால் தியேட்டரே ஊளையிடும். கேப்டனின் நண்பன் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே கலத்தின் கதவைச் சாத்துகிறவள் அவள். எங்கள் பேனல்காரிக்குக் "கறார்" என்று பெயர் வைத்தவன் தம்பிதான். அதற்கு முன் அவன் யோசித்த பெயர் "கதவுக்காரி". நீளமாக இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஐந்து. கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்தேன். அரை மணி ஓடியது. அலாரக் காட்சி வந்தது. கலத்தில் ஓயாமல் கத்தும் அலாரத்தைக் குண்டு மெக்கானிக் முறைத்துப் பார்ப்பான், கம்பியைப் பிடுங்குவான், "இப்ப தூங்குடா செல்லம்" என்பான். தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமலில் சிவப்பாக ஏதோ வந்து, நர்ஸ் ஓடி வந்தார். "சிரிக்க வைக்காதீங்க" என்று என்னைத் திட்டினார்.

படத்தை நிறுத்திவிட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

மேலாளர் பேசினார். "தம்பி எப்படி இருக்கான்? வேலையைப் பத்திக் கவலைப்பட வேணாம்னு சொல்லு, நான் இருக்கேன்." பிறகு கொஞ்சம் இழுத்து, "அந்தம்மாவுக்கும் உன் தம்பிக்கும் ஏற்கெனவே ஆகாதுல்ல? வண்டியைக் குறுக்கே நிறுத்துறான்னு தினம் சண்டைதானே? அதை மட்டும் சொல்லிடு. உன்னை அதிகம் கேட்க மாட்டாங்க."

சரி சார் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கதவுக் காட்சி. தம்பி கேட்டான், நான் பார்த்தேன். இதை எழுதியே ஆக வேண்டும்.

கதவுக்காரி சாத்தியதும் கேப்டன் திரும்பி வந்து அதை உடைக்கிறான், நண்பனைத் தூக்கிக்கொண்டு வருகிறான், அவளை ஓர் அறை விடுகிறான். விசில் பறந்த இடம். இந்தத் தடவை நான் கேப்டனைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தூக்கப் பெட்டிகள், மீட்கப்பட்டவர்கள் படுத்திருக்கும் பெட்டிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பச்சை விளக்கு. கதவு உடைந்து காற்று வெளியே இரைகிறபோது கீழ் வரிசையில் விளக்குகள் அணைகின்றன. நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். ஆறு. அந்த ஆறு பேரைப் பற்றிப் படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏழு தடவை பார்த்தவன் நான்! ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லையே?

விளக்கு அணைவதற்குச் சத்தம் கிடையாது. தம்பிக்கு அது தெரியாது. ஆனால் அவனுக்கு வேறொன்று கேட்டிருக்கிறது.

"அண்ணா, அவ மூணு தடவை கூப்பிடுறா. சாத்துறதுக்கு முன்னாடி. நாம ஊளையிட்ட சத்தத்துல இதெல்லாம் எங்க கேட்டுது?"

அவனே தொடர்ந்தான்.

"கறாரும் கூப்பிட்டாங்க."

"எப்ப?"

"அன்னிக்குத்தான். மைக்ல. ரெண்டு தடவை. நான்தான் வண்டியை எடுன்னு வழக்கம்போல கத்துறாங்கன்னு நினைச்சு..." மூச்சு வாங்கினான். "ஆனா அலாரம் அடிக்கலையேண்ணா. அலாரம் அடிச்சிருந்தா வண்டியைப் போட்டுட்டு ஓடியிருப்பேன்ல?"

என் கை கைபேசியின் மேலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை.

மார்ச் 10, திங்கள்

தூங்கவில்லை. சாப்பிடவில்லை. எழுதவும் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

நடைவழிச் சுவரில் இருக்கும் சென்சார் என் பொறுப்பு. ஈரம் படிந்தால் போதும், காரணமில்லாமல் கத்தும். ஒரு வாரத்தில் ஒன்பது தடவை கத்தியது. ஒவ்வொரு தடவையும் பேக்கிங் கூடத்தில் எல்லோரும் வெளியே ஓடி, வேலை நின்று, மேலாளர் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். பிப்ரவரி 25 காலையில் சொன்னார்: "புது பாகம் வர்ற வரைக்கும் அதோட வாயை அடைச்சு வை." அடைத்தேன். இணைப்பைக் கழற்றிவிட்டேன். பதிவேட்டில் எழுதவில்லை. பேனல் அறைக்கும் சொல்லவில்லை. சொன்னால் கறார் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால்தான்.

இரண்டே நாளில் குழாய் கசிந்தது. அந்தச் சென்சார் உயிரோடு இருந்திருந்தால் பத்து நிமிஷம் முன்பே கத்தியிருக்கும். கறார் தன் மேஜை மீட்டரில் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய அதே சாயங்காலம், யாரும் பார்க்காதபோது, இணைப்பைத் திரும்ப மாட்டிவிட்டேன். கை நடுங்கவே இல்லை. அதுதான் என்னை இப்போது கொல்கிறது.

இத்தனை வருஷம் நான் கேப்டன், நான் நண்பன் என்று நினைத்துக்கொண்டு படம் பார்த்தேன். கதவுக்காரியைத் திட்டினேன். குண்டு மெக்கானிக்கை யாராவது திட்டினார்களா? அவனுக்குக் கைதட்டல். கடைசிக் காட்சியில் கேப்டன் பக்கத்தில் நின்று பதக்கம்கூட வாங்குகிறான்.

மார்ச் 12, புதன்

மனைவியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "வேலை போயிடும்ல?" என்றாள்.

"போயிடும்."

"கேஸு?"

"வரலாம்."

"தம்பிகிட்ட யாரு சொல்றது?"

அவளே "நீங்கதான் சொல்லணும்" என்று எழுந்து போனாள்.

மார்ச் 13, வியாழன்

விசாரணை அறைக்கு வெளியே இரண்டு நாற்காலி. ஒன்றில் கறார், மடியில் பையோடு. இன்னொன்று எனக்கு. அவர் இவ்வளவு இளைத்து நான் பார்த்ததில்லை.

"தம்பிக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

"பேக்கிங் கூடத்துல முப்பத்திரண்டு பேரு. ஷட்டரை இறக்கலைன்னா அமோனியா நேரா அவங்ககிட்டதான் போகும். தம்பி நிக்கிறது கேமராவுல தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் அமுக்கினேன். அதை மறைக்கப் போறதில்லை." பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "அலாரம் எனக்குக் கேட்கவே இல்லை. எல்லாரும் அடிச்சிருக்கும்னு சொல்றாங்க. சோதனை பண்ணிப் பார்த்தப்பவும் நல்லாத்தான் அடிச்சுதாம். அதான் காது டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு காதும் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கார். இருந்தாலும் என்னமோ... எனக்கே சந்தேகமா இருக்கு."

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழுந்தேன். திரும்பி, "உங்க காதுல ஒண்ணும் இல்லை. அது அடிக்கவே இல்லை" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

அதிகாரி மேஜைக்குப் பின்னால். மேலாளர் ஓரமாக, தலையை ஆட்டி எனக்கு எடுத்துக் கொடுக்கத் தயாராக. கழற்றியதைச் சொன்னேன். யார் சொல்லிக் கழற்றினேன் என்பதைச் சொன்னேன். மேலாளர் எழுந்து நின்று, "என்னய்யா உளர்ற?" என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். திரும்ப மாட்டியதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு நேராக ஆஸ்பத்திரி. தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். தம்பியிடமும் அதே வார்த்தைகளில் சொன்னேன். கட்டுப் போட்ட முகத்தில் என்ன கண்டுபிடிக்க முடியும்? கையால் போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அன்னிலேர்ந்து தினம் வர்றியே," என்றான் கடைசியில். "தினம் பக்கத்துல உட்கார்ந்திருந்தியே."

பிறகு, "நாளைக்கு வராதே."

மார்ச் 17, திங்கள்

தற்காலிக வேலை நீக்கம். எனக்கும் மேலாளருக்கும். கறார் இன்று பேனலுக்குத் திரும்பினாராம்.

மார்ச் 22, சனி

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டு அவிழ்த்தாயிற்று. என்னிடம் யாரும் சொல்லவில்லை, மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். இடது கண்ணில் இன்னும் மூட்டமாம்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் தம்பி மனைவி பேசினாள். "மாமா, எனக்கு லீவு கிடைக்கலை. அவரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக ஆள் இல்லை. நான் சொன்னதா சொல்லாதீங்க, சும்மா வந்து நில்லுங்க."

போய் நின்றேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். ஆறடி பின்னால் நான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம். பேச்சில்லை. மாடிப்படி இறங்கும்போது பாதியில் மூச்சு முட்டி நின்றான். கை நீட்டலாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே என் தோளைப் பிடித்தான். கீழே வந்ததும் எடுத்துவிட்டான்.

நிறுத்தத்தில் வெயில். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. நம்பரைப் படித்துச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் இடது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான்.

"முப்பத்தேழு. நம்ம வண்டி. ஏறு" என்றான்.

இருபது நாளில் இதுதான் முதல் பேச்சு. ஏறினேன்.