பகலில் எரியும் லைட்

மச்சான்,

கருகிய வயரின் நெடி இன்னும் என் விரல்களில் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. இந்த வாரம் முழுக்க உன் பழைய காருக்குள் தலையைக் கொடுத்ததற்குக் கிடைத்த கூலி இது.

உன் மனைவி, என் தங்கை, இத்தாவில் இருக்கிறாள். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போனதிலிருந்து, அந்த நாலு மாதம் பத்து நாளும் முடியும்வரை, வீட்டைவிட்டு இறங்குவதில்லை. மட்டக்களப்பு இதய கிளினிக்குக்கு மட்டும் போகத்தான் வேண்டும். போவதென்றால் பிற ஆண்கள் கண்ணில் படாதபடி கண்ணாடிகளை ஏற்றி உட்புறம் துணி கட்டவேண்டும் என்பது அவள் பிடிவாதம். போன முறை கல்லாறு தாண்டவில்லை. ஏசி குளிரவில்லை, அவளுக்கு மூச்சு முட்டியது.

"கண்ணாடியக் கொஞ்சம் இறக்கு புள்ள."

"மாட்டன் காக்கா."

அண்ணன் நான் சொல்லியும் இறக்கவில்லை; திரும்பி வந்தோம். கிளினிக் தவறிப்போனது. அடுத்ததும் தவறக்கூடாது.

கராஜுக்குக் கொடுக்கச் சொன்னான் என் மகன். யாரிடமும் படிக்காமல் வீடு வீடாக வயரிங் செய்தவன் நான், கராஜுக்குப் போவேனா? பியூஸ் நல்லது. ஏசி ரிலே இருந்த இடத்தில் ஹோர்ன் ரிலேயைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. பற்றரியிலிருந்து கொம்பிரஸருக்கு நேரே ஒரு வயர் கொடுத்தேன். டக்கென்று பிடித்துச் சுழன்றது. ஆக, கரண்ட் வருகிற வழியில்தான் கோளாறு. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் வெள்ளரிக்காய்ப் பருமனில் நீ சுற்றிய கறுப்பு டேப். அவிழ்த்தால் உள்ளே இன்னொரு டேப். எல்லா வயரும் சிவப்பு. உனக்கு வேறு நிறமே கிடைக்கவில்லையா?

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கை கேட்டாள்.

"லைட்டப் போட்டீங்களா காக்கா?"

"ஏசிக்கும் லைட்டுக்கும் என்ன புள்ள?"

"அவர் லைட்டப் போட்டுத்தான் ஏசியப் போடுவார்."

போட்டேன். குளிர்காற்று வந்தது.

ஏசி வயர் உப்புக்காற்றில் இற்றுப்போனதும், புது வயர் இழுக்கச் சோம்பல்பட்டு லைட் வயரில் ஒட்டுப் போட்டிருக்கிறாய்! மத்தியானத்தில் லைட் எரிய நீ வரும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். "கிடக்கட்டும் மச்சான், எரியிறது என்ட லைட்தானே" என்பாய். காரணத்தைச் சொன்னால் என்ன? சொன்னால் அன்றைக்கே பிடுங்கிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். இப்போதும் பிடுங்கத்தான் வயர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தேன்.

"நாளைக்குக் கிளினிக் காக்கா. ஓடுறத ஓட உடுங்க."

கருகிப்போயிருந்த அந்த ஒட்டை மட்டும் ஈயம் வைத்து இறுக்கினேன்.

இன்று போனோம். வெயில் ஏறிய நேரம். எதிரே வந்த ஓட்டோக்காரன், பஸ்காரன், சைக்கிள்காரன்கூட, லைட் எரிகிறதென்று விரல்களை விரித்து மூடிக் காட்டினார்கள். களுவாஞ்சிக்குடியில் ஒரு மோட்டார்சைக்கிள்காரன் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன்.

"ஐயா, லைட் எரியிது, நூருங்க!"

"தெரியும் தம்பி. நூத்தா ஏசி நிண்டிரும்."

"இதென்ன வயரிங்! ஆர் செஞ்ச?"

"ஏன், குளிருதுதானே? உனக்கென்ன?"

சொல்லிவிட்டுத்தான் உறைத்தது, நான் உன் பக்கம் நின்று கதைத்துவிட்டேன். பின்னால், துணி மறைப்புக்குள் தங்கை நல்ல நித்திரை. டாக்டரைக் கண்டு மருந்தும் எடுத்து வந்தோம்.

அந்த வயரிங் பிழை மச்சான். இத்தா முடிந்ததும் பிடுங்கத்தான் போகிறேன். அதுவரை, தட்டிக் கேட்கிறவனோடெல்லாம் உனக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் லைட் எரிய ஓடுகிறேன்.