பாரிஸ் ஆளுநரின் டாக்சிகள்

டண்டினொங்,
ஏப்ரல் 2009

என் அன்புக்குரியவளுக்கு,

உன் தாயைப் பார்க்க வன்னிக்குப் போன நீ சண்டைக்குள் அகப்பட்டு, கடைசியாகப் பேசி ஐந்து கிழமையாகிறது. இங்கே நாங்கள் இருவரும் நலம்.

இன்று மகள் நூலகப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டினாள். 1914இல் எதிரி பாரிஸை நெருங்கியபோது, நகரத்தின் இராணுவ ஆளுநர் அறுநூறு டாக்சிகளைத் திரட்டிப் போர்முனைக்குப் படையினரை அனுப்பினாராம்.

"அப்பா, உங்களிட்டயும் டாக்சி இருக்குத்தானே? அம்மாவை ஏத்திக்கொண்டு வருவமே?"

"நடுவில கடல் இருக்கு, பிள்ளை."

"கடல் மட்டும்தானா பிரச்சினை?"

வெளியே போய் டாக்சியில் ஏறி உட்கார்ந்தேன். எங்கே ஓட்டுவதென்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அவள் வந்து பின்கதவைத் திறந்து, உனக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

இப்படிக்கு,
உன்னவன்