ப்ரைமருக்கு அடியில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மைத்துனன் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

போன ஞாயிறு ஷெட்டைத் திறந்தேன். நாம் இருவரும் கையேட்டைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்த குட்டி விமானம் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே, இறக்கையில்லாமல், கோழிக்கூண்டு மாதிரி நிற்கிறது. பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அந்தப் பச்சை ப்ரைமரின் வாசனை இன்னும் போகவில்லை. அது மூக்கில் ஏறியதும் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் கையேட்டைச் சத்தமாகப் படிப்பீர்கள். நான் அலுமினியத் தகடுகளைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே பரப்பாக வழிகிறதா என்று பார்ப்பேன். முத்து நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, மறுபடி தேய்க்க வேண்டும். பிறகு துணிக்கொடியில் கம்பி கட்டித் தொங்கவிட்டு ப்ரைமர் அடிப்போம். தங்கையின் வெள்ளைப் போர்வையில் பச்சைப் புள்ளி விழுந்த அன்று, "நீங்க பறக்குறதுக்கு முன்னாடி நானே ரெண்டு பேரையும் பறக்க விட்டுடுவேன்" என்றாளே, நினைவிருக்கிறதா? அப்படிச் சிரித்த நாள் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

வால்பகுதித் தகட்டில் ப்ரைமர் உரிந்தபோது நான் குதித்த குதியும் நினைவிருக்கும். கைப்பிசுக்கு பட்டால் ப்ரைமர் ஒட்டாது, கழுவிய தகட்டை வெறும் கையால் தொடக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். அதை நீங்களே மீறினீர்கள் என்று தங்கை முன்னாலேயே சொன்னேன். பேனா பிடிக்கிற கைக்கு இதெல்லாம் வராது என்றும் சொன்னேன். நீங்கள் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். அடுத்த மாதமே வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

ஞாயிறன்று அந்தத் தகட்டைச் சுரண்டினேன். அடியில் வியர்வை உப்பு அரித்து, கட்டைவிரல் அச்சு ஒன்று அப்படியே பதிந்திருந்தது. குறுக்கே ஒரு வெட்டுத்தழும்பு. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் என் விரலை வைத்துப் பார்த்தேன், மாப்பிள்ளை. என்னுடையதுதான். இருபது வருடம் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்தவன். சொரசொரப்பு போயிற்றா என்று விரலால் தடவிப் பார்க்காவிட்டால் மனசு கேட்காது. கையுறையை எப்போது கழற்றினேன் என்பதே தெரியவில்லை. பழியை மட்டும் உங்கள் தலையில் கட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

தங்கையிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டப் போகிறீர்கள் என்பதை மறுநாள் காலையில்தான் சொன்னாள்.

அந்தத் தகட்டை மேற்கொண்டு தேய்க்காமல் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்த்து, என்னை நாலு திட்டு திட்டிய பிறகு தேய்ப்போம். உங்கள் கையுறை அதே ஆணியில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை யோசியுங்கள். விமானம் பறக்காவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைக்குப் புதுப்பல் முளைப்பதற்குள் வந்துவிடுங்கள்.

வெறும் கையால் தொட்டவன்,
உங்கள் மைத்துனன்