வெள்ளிக்கிழமை வெளியாகும் நம் பாட்டு

என் அருமை வரது,

நீ இருக்கிற இடத்தில் ஸ்பீக்கர் எப்படி? அடியில் உறுமுகிற பேஸ் நன்றாகக் கேட்கிறதா, இல்லை அங்கேயும் தம்புராவோடு நிறுத்திவிடுகிறார்களா? நாளை வெள்ளிக்கிழமை நம் பாட்டு வெளியாகிறது.

ஆமாம், நீ பாதியில் விட்டுப்போன அதே டீப் ஹவுஸ் நடனப் பாட்டுதான். நான் முடித்துவிட்டேன். போர்ச்சுகலில் பாட்டு வெளியிடுகிற ஒரு குட்டிக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. அங்கே முதலாளி, கணக்குப்பிள்ளை, வாட்ச்மேன் எல்லாம் ஒரே ஆள்தான் என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் வெளிநாட்டுக் கம்பெனி. இங்கே பாலக்கரையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. "கல்யாணத்துக்கு வாசிப்பீங்களா?" என்று கேட்கிறார்கள்.

வெள்ளிதோறும் புதிதாக வருவதையெல்லாம் கேட்டு வம்பு பேசுவோமே, அதை இப்போது தனியாகச் செய்கிறேன். இந்த வருஷம் எல்லோருக்கும் டிஸ்கோ பைத்தியம் திரும்பியிருக்கிறது. எதைத் திறந்தாலும் வயலின் கூட்டம், கைதட்டல், துள்ளுகிற பேஸ் கிட்டார். பாதிப் பேர் டீப் ஹவுஸ் என்று பெயர் போட்டுவிட்டு நகைக்கடை லிஃப்டில் ஓடுகிற சங்கீதத்தைத் தருகிறார்கள். போன வாரம் ஒன்று மட்டும் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. "டேய், கேட்டியா?" என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். என் மனைவி ரீட்டா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கேட்டேன். மோட்டார் ரொம்ப நேரமா ஓடுது, போய் நிறுத்துங்க" என்றாள்.

இத்தனை நாளும் எனக்கு ஒரு பயம் இருந்தது. நம் பாட்டில் உன் குரல் இருக்கிறது.

உங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில், சமையலறைக்குப் பக்கத்து அறையில், மைக் முன்னால் நின்று நாம் கைதட்டிப் பதிவுசெய்தோமே, அதன் நடுவில் நீ கத்தியதும் பதிவாகியிருந்தது. "வேதா, அந்த மிக்சிய ஒரு நிமிஷம் நிறுத்தேன்!" அதிலிருந்து 'ஒரு நிமிஷம்' என்பதை மட்டும் வெட்டி எடுத்தேன். பின்னால் இருந்த மிக்சி இரைச்சலைத் துடைத்தேன். தாளம் அடங்குகிற இடத்தில் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். போர்ச்சுகல்காரன் அதில்தான் விழுந்தான்.

ஆனால் உன்னைக் கட்டிக்கொண்ட வேதாவிடம் கேட்கவில்லையே? நீ கண்மூடி வருஷம் திரும்பாத வீடு. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. அந்த வீட்டு மனிதனின் குரலுக்கு எவனெவனோ இடுப்பை ஆட்டப் போகிறான் என்று எந்த வாயால் சொல்வது? தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில், "நீங்களே போறீங்களா, நான் போன் போட்டுச் சொல்லட்டுமா?" என்று ரீட்டா மிரட்டியதால் நேற்றுக் காலை பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். அம்மா மண்டபம் வருவதற்குள் எல்லாம் மறந்துபோனது.

"வாங்கோ அண்ணா. ஏன் இப்படி வேர்த்துக் கொட்றது?" என்றாள் வேதா. காபி வந்தது. உளறிக் கொட்டினேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆடற பாட்டா?"

"ஆமாங்க. வருஷம் திரும்பட்டும்னு நீங்க சொன்னா தள்ளி வச்சுடறேன்."

"பண்டிகைதான் கிடையாது. இது அவர் வேலை. வேலைக்கு என்ன வருஷம்? போடுங்கோ, கேக்கறேன்."

போட்டேன். டும், டும், டும், டும். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இன்னும் ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிச்சாச்சுங்க. டிஜே முந்தின பாட்டோட இதைச் சேர்க்கணும், அதுக்காக முதல்ல வெறும் தாளத்த விட்டு வைப்போம்."

"இலையைப் போட்டுட்டு ஒண்ணும் பரிமாறாம உக்கார வச்சிருக்கேள்."

பிறகு உன் பேஸ் வந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். 'ஒரு நிமிஷம்' வந்தது. மறுபடி வந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுதால் என்ன செய்வேன்? வெளியே போ என்றால்?

பாட்டு முடிந்தது. வேதா டம்ளரை ஓரமாக நகர்த்தினாள்.

"இது என்கிட்ட சொன்னது. மிச்சம் எங்கே?"

"மிச்சம்னா..."

"என் பேர் எங்கே? அன்னிக்கு தோசைக்கு அரைச்சிண்டிருந்தேன், மிக்சி எங்கே? அவர் யாருமே இல்லாத ஆத்து ரூம்ல நின்னு தனக்குத்தானே பேசறாப்பல இருக்கு அண்ணா. நானும் அங்கேதானே இருந்தேன்?"

இரைச்சலைத் துடைப்பதுதான் நல்ல தொழில் என்று நினைத்தேன், வரது. வேதாவையே துடைத்துவிட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடிவந்து முழு வாக்கியத்தையும் மிக்சியோடு திரும்ப வைத்தேன். வேதா என்ற பெயர் தாளத்துக்குள் உட்கார மாட்டேன் என்றது. விட்டுவிட்டேன், நொண்டியடித்துக்கொண்டே வரட்டும். அனுப்பினேன். இன்று காலை போர்ச்சுகல்காரன் பதில் போட்டான்: குரல் அருமை, பின்னால் ஏதோ இரைச்சல் இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடவும், இல்லையென்றால் வெளியிடுவது கஷ்டம்.

என்னைத் தெரியுமே உனக்கு, டீயில் சர்க்கரை இல்லையென்றால்கூடச் சொல்லாமல் குடிக்கிற ஆள். ஆனாலும் டைப் அடித்தேன்: 'அது இரைச்சல் இல்லை. அவன் மனைவி. எடுக்க முடியாது.' அனுப்பிவிட்டு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இதுவரை சத்தமில்லை. ஊரெல்லாம் சொல்லிவைத்தேனே, நாளை ஒன்றும் வராவிட்டால் பாலக்கரையில் எந்தச் சந்து வழியாக நடப்பேன்? ஒரு சின்ன இரைச்சலுக்காக உன் பாட்டையே கெடுத்துவிட்டேனா? நீயாக இருந்தால் என்ன பதில் போட்டிருப்பாய்?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். அவன் வேண்டாம் என்றால் வேறு கம்பெனி பார்ப்பேன். எவனும் எடுக்காவிட்டால் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய் வேதாவுக்கு மட்டும் போடுவேன். அவள் இல்லாமல் நீ தனியாக எந்த ஊரிலும் பேச மாட்டாய்.

வேதாவுக்கு அண்ணன், ஆகவே உனக்கு மச்சான்,
செபா