நான் உனக்கு அனுப்பாத கதை

கீலுங்
தைவான், ஆறாம் மாதம், விடாத மழை

அன்பு மகள் ஆ-யுனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மழையைத் தவிர இங்கே எதுவும் அளவுக்கு மீறி இல்லை, நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். வின்னிபெக்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தாங்தாங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று கோயிலில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ "அது சும்மா கதைம்மா, விடு" என்று சிரிக்கிறாய், உடனே குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுகிறாய். அவன் அழுகிற சத்தம் எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறி வரமாட்டாராம், கீழேயே சாப்பாடு வேண்டுமாம், ஆனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறுவதற்கு மட்டும் அந்த முழங்கால் ஒத்துழைக்கிறது. கடையில் முடி கழுவுகிற இருக்கைக்கு மேலே கூரை ஒழுகுகிறது. வந்தவர்கள் "அக்கா, தண்ணிய மேல இருந்தே விடுறீங்களா" என்று கிண்டல் செய்கிறார்கள். உன் பழைய அலமாரியில் செருப்பெல்லாம் பூசணம் பூத்துவிட்டது, வேண்டாததைத் தூக்கிப் போட்டேன், எதைப் போட்டேன் என்று கேட்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெப்சைட் தொடங்கப்போகிறேன், எதைப் பற்றி எழுதலாம் என்று நீ கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதலில் சாப்பாடு என்றாய், கீலுங் இரவுச் சந்தையைப் பற்றி எழுதாதவன் இன்னும் பிறக்கவில்லை என்றேன். பிறகு குழந்தை வளர்ப்பு என்றாய், தாங்தாங்கைத் தூங்கவைக்கத் தெரியாதவள் ஊருக்குச் சொல்லித்தரப்போகிறாளா என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு நீயே ஒரு வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டு வந்து, "ஒரே ஒரு சின்ன விஷயத்தப் பிடிச்சுக்கணும்மா, அது நமக்குத் தெரிஞ்சதா இருக்கணும், வேற எங்கயும் கிடைக்கக் கூடாது, அடுத்தவங்க எழுதினத எடுத்து எழுதக் கூடாது, நாமளே போய் விசாரிக்கணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தாய். கடைசியில் நம் மழை ஊரின் பேய்களைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தாய். ஏழாம் மாதம் வந்தால் ஊரே பேய்களுக்குப் பந்தி போடுகிறது, நம்மைவிட யாருக்குத் தெரியும் என்று நானும் தலையாட்டினேன்.

விசாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அதையும் சந்தோஷமாகச் செய்தேன். தலையில் நுரை இருக்கும்போது யாரும் எழுந்து ஓட முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்கள். லியாவ் வீட்டம்மாவின் மாமியார் செத்த பிறகும் வந்து காஸ் அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டுப் போகிற கதையை உனக்கு அனுப்பினேன். படகுத்துறையில் யாரோ செருமுகிற சத்தம், யாரும் இல்லாத வீட்டில் சோறு வடிக்கிற வாசனை, இதெல்லாம் அனுப்பினேன். "இன்னும் பயமா வேணும்மா, இதையெல்லாம் யாரு படிப்பா" என்றாய். நிஜமான பேய்கள் இப்படித்தானே இருக்கும், செத்த பிறகு புதிதாக என்ன குணம் வந்துவிடப்போகிறது என்று நான் சொன்னதை நீ கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் சுரங்கச் சாலை வாயிலில் இருக்கும் பஸ் நிறுத்தத்துக் கதையைப் போட்டாய். அது நான் அனுப்பாத கதை. சாயங்கால மழையில் அங்கே தனியாக நிற்பவர்களின் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி வந்து நின்று "அக்கா, பஸ் போயிடுச்சா?" என்று கேட்பாள், அவள் ஆம்பிளை மழைக்கோட்டு போட்டிருப்பாள், நீளமான கையை மடித்து, துணி காயப்போடுகிற க்ளிப் மாட்டியிருப்பாள், ஒரு கையில் மஞ்சள், ஒரு கையில் நீலம். திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டாள். இதுதான் நீ எழுதியது. ஊரெல்லாம் அதைத்தான் படித்தது. படித்த பிறகு நானும் பார்த்தேன், நானும் பார்த்தேன் என்று நூறு பேர் உன் பக்கத்தில் கீழே எழுதினார்கள், அவர்களை நான் நம்பவில்லை, நீ எழுதுவதற்கு முன்னால் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லையே. தைபேயிலிருந்து பையன்களும் பெண்களும் காமிராவோடு வந்து நிறுத்தத்துக் கம்பியில் அவளுக்காகக் குடைகளைத் தொங்கவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு ஒரே குதூகலம். என் மகள் எழுதியது என்று கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். அன்றைக்கு சியூ-கிம் அக்கா டிரையருக்குள் தலையை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளை உனக்குத் தெரியாது, நீ கனடா போன பிறகுதான் நம் பக்கம் குடிவந்தாள், சந்தையில் மீன் உருண்டைக் கடை வைத்திருக்கிறாள், வாரம் தவறாமல் தலை கழுவ வருவாள், பேச்சு அதிகம் இல்லை. டிரையர் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். நான் படித்து முடித்ததும் டிரையரைத் தானே தூக்கிவிட்டு வெளியே வந்து, சுருள் எல்லாம் தலையிலேயே இருக்க, "அந்த க்ளிப்பு கலர மறுபடி சொல்லு தங்கச்சி" என்றாள். சொன்னேன். "மஞ்சள் எந்தக் கையில?" என்றாள். இடது கை என்று நீ எழுதியிருந்தாய். அவள் இருக்கையில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள்.

ஆ-யுன், அது அவளுடைய பெண். பெயர் பெய்-ஜுன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நிறுத்தத்துக்குக் கீழே இருக்கும் வளைவில் லாரி அடித்துப் போனவள். அப்படி ஒரு விபத்து நடந்தது எனக்கும் லேசாக நினைவிருக்கிறது, யார் பெண் என்று தெரியாது. அன்று காலை பெண்ணுடைய மழைக்கோட்டு கிடைக்காமல் அவள் அப்பாவுடையதைப் போட்டு அக்கா அனுப்பியிருக்கிறாள். கை தொங்குகிறது என்று பெண் முரண்டு பிடித்திருக்கிறாள். கொடியிலிருந்து கையில் கிடைத்த இரண்டு க்ளிப்பை எடுத்து இவள்தான் மாட்டிவிட்டாள். உடம்பு கிடைத்தபோது க்ளிப்புகள் இல்லை. "போலீஸ்ல சொல்லல, புருஷன்கிட்ட சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்" என்றாள்.

அதோடு நின்றிருந்தால் நான் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். விபத்து நடந்த சமயத்தில் பூசாரியைக் கூட்டிப் போய் அந்த வளைவில் மணியடித்து, அவளுடைய சட்டையை மூங்கிலில் கட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆவியை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். பிறை மாதிரி இருக்கும் இரண்டு கட்டையைத் தரையில் போட்டுக் கேட்டதில், ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து, வந்துவிட்டேன் என்று உத்தரவும் கிடைத்திருக்கிறது. கல்யாணம் ஆகாதவளை முன்னோர் வரிசையில் வைக்கக்கூடாது என்று சமையலறை ஓரத்தில் ஒரு பலகை அடித்து, அவள் ஆவியை அங்கேயே வைத்து, தினமும் முதல் கரண்டி சோறு அவளுக்குத்தான். மீன் உருண்டை உருட்டிக்கொண்டே அவளோடு பேசுவாளாம். இப்போது நீ எழுதியதைக் கேட்ட பிறகு என்ன சொல்கிறாள் தெரியுமா? "நாங்க கீழ வளைவுல நின்னு கூப்பிட்டோம். பொண்ணு மேல பஸ்ஸுக்கு நின்னிருக்கா. அந்த மழைச் சத்தத்துல அவளுக்கு எப்படிக் கேக்கும்?" என்கிறாள். நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இடம் தப்பிக் கூப்பிட்டா வேற யாராச்சும் வந்துடுவாங்கன்னு பூசாரி அப்பவே சொன்னாரு. அப்போ இத்தன வருஷமா என் அடுப்பங்கரையில நான் சோறு போட்டது யாருக்கு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சமையலறையில் முதுகைக் காட்டி நிற்கவே கூச்சமாக இருக்கிறது, நம் வீட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.

இப்போது தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு டிபன் பாக்ஸோடு அந்த நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். நூறு பேர் கண்ணில் பட்டவள் பெற்றவள் கண்ணில் படமாட்டாளா என்று காத்திருக்கிறாள். வருகிற பிள்ளைகளிடம், "பாத்தீங்களா? மெலிஞ்சிருக்காளா? பல்லு தந்தியடிக்குதா?" என்று கேட்கிறாள், அதுகள் காமிராவை மூடிக்கொண்டு ஓடுகின்றன. ஒருநாள் நானும் துணைக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் வந்து நின்றது, நாங்கள் ஏறவில்லை, இறங்கவும் யாரும் இல்லை. ஆனாலும் ஓட்டுநர் பின் கதவைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ஏர்றதுன்னா ஏறிக்கோம்மா, மழையில நிக்காத" என்று எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துச் சொன்னார். உன் கதை வந்த பிறகு அந்தத் தடத்தில் ஓட்டுகிற எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம். பைத்தியக்காரர்கள் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே ஒரு அடி பின்னால் நகர்ந்து வழிவிட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்டால் தெரியவில்லை. எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

ஏழாம் மாதத்தில் எல்லாப் பேயும் வெளியே திரியும் என்பதால், அது முடிந்து எட்டாம் மாதம் பிறந்ததும் மறுபடி ஆவியை அழைப்பதாக அக்கா முடிவு செய்துவிட்டாள். பூசாரி ஒத்துக்கொண்டார், ஆனால் இந்தத் தடவை இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்கிறார், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பது யாராக இருந்தாலும் அதையும் துரத்திவிட்டுப் பெண்ணும் வராமல் போய்விடலாம் என்று பயப்படுகிறார். அக்கா வீட்டில் கட்டை போட்டுப் போட்டுக் கேட்கிறாள், "நீ பெய்-ஜுன்தானே?" என்று. இரண்டும் மல்லாந்தே விழுகின்றன. ஆவி சிரிக்கிறது என்று அர்த்தம், ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இப்போது அந்தப் பலகைக்குச் சோறு வைக்கவும் பயப்படுகிறாள், வைக்காமல் இருக்கவும் பயப்படுகிறாள். பாதி நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே இருக்கிறாள். பிள்ளை போன துக்கத்தை அவள் தாங்கிவிட்டாள் ஆ-யுன், இதை அவளால் தாங்க முடியவில்லை.

என் மகள் கற்பனையாக எழுதியது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "பெத்தவ நீ, மகளக் காப்பாத்தத்தான் பாப்ப" என்று ஒரே வார்த்தையில் என்னை முடித்துவிட்டாள். அதற்கு மேல் என்னாலும் அழுத்திச் சொல்ல முடியவில்லை. காரணம் சொல்கிறேன். போன புத்தாண்டுக்கு வந்திருந்தபோது படம் எடுக்க என்று ஒரு சாயங்காலம் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுச் சுரங்கப் பக்கம் போனாய். குடையோடு போனவள் தொப்பலாக நனைந்து வந்தாய். குடை எங்கே என்றதற்குப் பஸ்ஸில் மறந்துவிட்டேன் என்றாய், சாப்பாடு வேண்டாம் என்று குழந்தையைக் கட்டிக்கொண்டு படுத்தாய். அப்பாவிடம் நேற்றுத்தான் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் அன்றைக்குத் தூண்டிலோடு திரும்பி வரும்போது உன்னைப் பார்த்திருக்கிறார். நீ சுரங்கத்துக்குள்ளிருந்து நடந்தே வந்தாயாம். பஸ்ஸில் ஏறவே இல்லையாம்.

குழந்தைக்குக் காதில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அந்தக் கட்டுரையை எடுத்துவிடாதே, எடுத்தால் அக்கா இன்னும் பயப்படுவாள், ஆனால் புதிதாக ஒரு எழுத்தும் சேர்க்காதே. அம்மன் உன்னையும் உன் வீட்டு வாசலையும் காப்பாற்றட்டும், நீ எழுதுகிற ஒவ்வொன்றும் உனக்கு நல்லதாகவே முடியட்டும். எட்டாம் மாதம் பிறப்பதற்குள் டிக்கெட் எடுத்து வா, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கதை பொய் என்றால் அக்காவின் முன்னால் வந்து நின்று பொய் என்று உன் வாயால் சொல், அவள் தன் பெண்ணுக்குச் சோறு வைக்கட்டும். பொய் இல்லை என்றாலும் வா மகளே. பூசாரி எங்கே நின்று மணி அடிக்க வேண்டும் என்று கைகாட்ட அவளுக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா